பணிபுரியும் பெண்களும் பணிச்சோர்வும்

பணிச்சோர்வு என்பது, தீராமல் தொடரும் பணியிட நெருக்கடியால் உடலும் மனமும் வற்றிப்போகும் நிலையாகும். ஒரு நாள் உழைத்த அலுப்பு ஓர் இரவு நன்றாக உறங்கினால் தீரும். பணிச்சோர்வு அவ்வாறு தீர்வதில்லை. ஞாயிறு முழுவதும் படுத்திருந்தாலும் திங்கட்கிழமை காலையில் அதே கனம் திரும்பி வரும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் நூற்பாலை, பனியன் கம்பெனி, ஜவுளிக்கடை, மருத்துவமனை, பள்ளி, கணினி அலுவலகம் எனப் பல இடங்களில் பெண்கள் வேலை செய்கின்றனர். ஆகவே இதன் அறிகுறிகளையும் மீளும் வழிகளையும் அறிந்திருப்பது அவசியம்.

வரையறை

அமெரிக்க உளவியலாளர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974-இல் இந்நிலையைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981-இல் இதனை அளக்கும் வினாப்பட்டியலை வெளியிட்டனர். உலக சுகாதார அமைப்பு 2019-இல், பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதற்கு விளக்கம் அளித்தது. அதன்படி இது ஒரு நோயன்று. தொழில் சார்ந்த ஒரு நிலை. அதற்கு மூன்று கூறுகள் உண்டு.

1. ஆற்றல் வற்றிப்போதல்: காலையில் எழும்போதே களைப்பு இருக்கும்.
2. வேலையிலிருந்து மனம் விலகுதல்: நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்த செவிலியர், கட்டில் எண்ணைச் சொல்லி அழைக்கத் தொடங்குவார்.
3. திறன் குறைதல்: செக்கிங் பிரிவில் கண் பார்த்தவுடன் தையல் பிழையைப் பிடித்தவர், அதே பிழையைத் தவறவிடுவார், 'எனக்கு இந்த வேலை வராது' என்றும் எண்ணத் தொடங்குவார்.

இவற்றுடன் தலைவலி, தூக்கக் குறைவு, சிறு விஷயத்திற்கும் எரிச்சல், குழந்தைகளிடம் காரணமின்றிக் கோபம் ஆகியவையும் சேரலாம்.

கணக்கில் வராத வேலை

மேற்கண்ட வரையறை ஊதியம் பெறும் வேலையை மட்டுமே கருத்தில் கொள்கிறது. பெண்களைப் பொறுத்தவரை இது பாதிக் கணக்குதான். இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1989-இல் வெளியான தம் நூலில் இதனை 'இரண்டாவது ஷிப்டு' என்று குறிப்பிட்டார்.

திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்டு' என்றால் ஏறத்தாழ 12 மணி நேரம். அதற்கு முன்னே வாசல் தெளித்தல், தண்ணீர் பிடித்தல், சமையல். பின்னே பாத்திரம், துணி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம். இவ்வாறு ஓடும் பெண் சோர்ந்து உட்கார்ந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். அவரும் அதை நம்பி இன்னும் வேகமாக ஓடுகிறார். பணிச்சோர்வு முற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் செய்ய வேண்டியது

எல்லாக் களைப்பும் பணிச்சோர்வு அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் களைப்பு உண்டாகும். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகையாகும்.

மனச்சோர்வு நோயும் வேறு. பணிச்சோர்வில் வேலையைப் பற்றிய வெறுப்பு மேலோங்கும். திருவிழாவோ தோழியரின் பேச்சோ ஓரளவு மகிழ்ச்சி தரும். மனச்சோர்வு நோயில் எதிலும் நாட்டம் இராது. அந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மீளும் வழிகள்

விடுப்பு மட்டும் போதாது. திரும்பி வரும்போது அதே சுமை காத்திருந்தால் சோர்வும் திரும்பும். எனவே சுமையைக் குறைப்பதே முதன்மையான வழி.

* வீட்டில்: 'உதவி செய்கிறேன்' என்பதைவிட 'இது என் வேலை' என்று ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பை ஏற்பது பயன் தரும். இரவுப் பாத்திரம் கணவருக்கு, துணி மடிப்பது மகனுக்கு என்று நிலையாகப் பிரிக்க வேண்டும்.
* உடலுக்கு: ஏழு மணி நேர உறக்கம், வேளைக்கு உணவு, நாள்தோறும் சிறிது நடை. வேலை முடிந்த பின் அலுவலகச் செய்திகளைப் பார்க்காத ஒரு நேரம் வேண்டும்.
* பணியிடத்தில்: எந்த வேலை அதிகம், எந்த நேரம் பொருந்தவில்லை என்பதை மேற்பார்வையாளரிடம் தெளிவாகக் கூற வேண்டும். தனியாகக் கேட்பதைவிட உடன் வேலை செய்பவர்களுடன் சேர்ந்து கேட்பது எளிது.

சட்டம் தரும் பாதுகாப்பு

கிராஸ்கட் சாலையிலும் ஒப்பணக்காரத் தெருவிலும் உள்ள ஜவுளிக்கடைகளில் பணிபுரிவோருக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மிக முக்கியமானது. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அதன்மூலம் சட்டமாக்கியது. 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை ஊதியத்துடன் விடுப்பு அளித்தது; 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் கூறியது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர்கள் மருத்துவச் சான்றுடன் ஓய்வெடுத்தால், உரிய சந்தா நாட்கள் இருப்பின், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். கோவையில் சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

ஒரு நாள் முழுவதும் வீட்டில் யார், எந்த வேலையை, எத்தனை நிமிடம் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். இரவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூட்டல் போட்டு, அந்தத் தாளை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பிறகு அம்மாவின் பட்டியலிலிருந்து ஒரு வேலையை எடுத்து உங்கள் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்.