பேட்மேன், சூப்பர்மேன், ஸ்பைடர்மேன்: முதலில் எந்தப் புத்தகம்?

பேட்மேனையும் சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் வெள்ளித்திரையிலே கண்டு, அவர்களிடத்தில் அபிமானம் கொண்டு, அவர்கள் பிறந்து வளர்ந்த இடமாகிய சித்திரக்கதைப் புத்தகங்களையும் படித்துப் பார்க்க வேண்டுமென்ற ஆவலோடு புத்தகக் கடைக்குள் பிரவேசிக்கிற ஒருவர், பெரும்பாலும் சிறிது நேரத்துக்குள்ளேயே மனம் சோர்ந்து வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார். பேட்மேன் பெயரைத் தாங்கிய நூல்களே ஓர் அலமாரி முழுவதும் நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் முதுகிலே 1 என்ற எண்ணே அச்சாகியிருக்கிறது. எது முந்தியது, எது பிந்தியது, எதைப் படித்தால் எது விளங்கும் என்று எடுத்துச் சொல்வாரும் இல்லை. விருப்பம் நிறைய இருந்தும் வாசல் தெரியாமல் திரும்புகிற அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வாசலைக் காட்ட முடியுமானால் அது செய்யத் தக்க காரியமே என்று கருதி இதை எழுதுகிறேன்.

இந்தக் குழப்பத்தின் மூலகாரணத்தை அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். 1938-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களாகிய ஜெர்ரி சீகல் என்ற எழுத்தாளரும் ஜோ ஷஸ்டர் என்ற சித்திரக்காரரும், தாங்கள் பல வருஷங்களாக மனத்திலே சுமந்து திரிந்த சூப்பர்மேன் என்ற வீரனை, 13 பக்கக் கதை ஒன்றோடு சேர்த்து, சகல உரிமைகளுடனும் 130 டாலருக்குப் பிரசுரகர்த்தர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ என்ற பத்திரிகையின் முதல் இதழில் அந்தக் கதை வெளிவந்தது. அன்றுமுதல் அவ்வீரன் தன்னைச் சிருஷ்டித்தவர்களின் கையை விட்டு ஸ்தாபனத்தின் சொத்தாகிவிட்டான். நாவலாசிரியர் ஒருவர் தம் கதாநாயகனை ஓர் இடத்திலே கொண்டு நிறுத்தி, கதை முற்றிற்று என்று பேனாவைக் கீழே வைக்கலாம். ஸ்தாபனத்துக்குச் சொந்தமான கதாநாயகனுக்கோ அந்த முடிவு வாய்ப்பதில்லை. ஓர் ஆசிரியர் ஓய்ந்தால் இன்னொருவர், ஒரு சித்திரக்காரர் விலகினால் வேறொருவர் என்று மாதந்தோறும் கை மாறி மாறிக் கதை நீண்டுகொண்டே போக, ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 2018-இலும், பேட்மேன் பிறந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 2019-இலும் 1000-ஆவது இதழை எட்டின.

அரை நூற்றாண்டுக் கதையில் சேர்ந்துபோன முரண்பாடுகளைத் தீர்ப்பதற்காக 1985-இல், இவ்விரு பத்திரிகைகளையும் வெளியிடுகிற டிசி நிறுவனம் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்ற 12 இதழ்க் கதையை வெளியிட்டு, தன் கதைகளில் இருந்த எண்ணற்ற உலகங்களை ஒன்றாகச் சுருக்கியது. 2011-இலே அதே நிறுவனம் 52 பத்திரிகைகளை ஒரே சமயத்தில் முதல் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியது. 2016-இல் அவற்றுள் மூத்த இரண்டுக்கும் பழைய எண் வரிசையைத் திருப்பிக் கொடுத்தது. ஆகையால் 1 என்ற எண்ணைக் கண்டவுடனே அதுதான் ஆரம்பம் என்று நம்பிவிடுவது சரியாகாது. எல்லா வீரர்களும் ஒன்றாகக் கூடிப் பிரபஞ்சத்தைக் காக்கிற பெருங்கதைகள் யாவும், அவ்வீரர் ஒவ்வொருவரையும் முன்பே அறிந்து அவர்களோடு பழகியவர்களுக்காக எழுதப்பட்டவை. புதியவர் அவற்றைப் பிற்பாடு படித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? என் அபிப்பிராயம் இதுதான்: ஒரே ஆசிரியர் எழுதி, ஒரே சித்திரக்காரர் வரைந்து, தனக்கென்று ஆரம்பமும் முடிவும் கொண்ட ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்பது வருஷத்துச் சரித்திரத்தைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவிலே ஓர் இரவு மட்டும் பாரதக் கூத்துப் பார்க்கப் போகிறவர், பதினெட்டுப் பருவங்களையும் கரைத்துக் குடித்துவிட்டா போய் உட்காருகிறார்? அன்றைய இரவின் கதையை அன்றைய இரவே நிறைவாகச் சொல்லி முடிக்கிற கூத்தர்கள் இருந்தால் போதும்; மற்றவை தாமே வந்து சேரும். நம்மிலே பலருக்கு இந்த வழக்கம் புதியதும் அன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸிலே இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தலைமுறை, பிரிட்டிஷ் சித்திரக்கதைகளைப் புத்தகத்துக்கு ஒரு கதையாகவே அனுபவித்தது. அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலே அமெரிக்க வீரர்களிடமும் போகலாம்.

பேட்மேனை எடுத்துக்கொண்டால், 1939-இல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் சேர்ந்து உண்டாக்கிய ஆதிக் கதைகளைத் தேடி ஓட வேண்டிய அவசியமில்லை. அவை சரித்திர மாணவனுக்கு விலைமதிப்பற்றவை; ஆனால் திரைப்படம் பார்த்துவிட்டு வருகிறவர் எதிர்பார்க்கிற கனமும் நிழலும் அவற்றில் இன்னும் படியவில்லை. நான் முதலில் கையிலே கொடுக்க விரும்புவது, ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மஸுக்கெல்லி வரைந்து 1987-இல் ‘பேட்மேன்’ பத்திரிகையின் 404 முதல் 407 வரையுள்ள நான்கு இதழ்களில் வெளிவந்து, பிறகு ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட ‘பேட்மேன்: இயர் ஒன்’ என்ற கதை. இருபத்தைந்து வயதான புரூஸ் வெயின் பல வருஷப் பயிற்சிக்குப் பின் விமானத்திலே காத்தம் நகரத்துக்குத் திரும்பி வருகிற அதே நாளில், ஜேம்ஸ் கார்டன் என்ற போலீஸ் அதிகாரியும் ரயிலிலே அந்நகரத்துக்கு வந்து இறங்குகிறார். கோடீசுவரனாகிய ஒருவன் ஆகாயத்திலிருந்து பார்க்கிற நகரமும், கர்ப்பிணியான மனைவியை இந்த ஊருக்கு அழைத்துவர வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிற ஒருவர் ரயில் பெட்டியிலிருந்து பார்க்கிற நகரமும் முதற் பக்கங்களிலேயே எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன.

இக்கதையின் சிறப்பு, பெயர் பேட்மேனுடையதாக இருப்பினும் இதயம் கார்டனிடத்திலே இருப்பதுதான். மேலதிகாரிகளிலிருந்து கீழ்நிலைக் காவலர் வரையில் லஞ்சத்தில் ஊறிப்போன ஓர் இலாகாவில் நேர்மையாக இருக்க முயன்று, அதற்காகச் சகாக்களாலேயே அடிபட்டு, தம் சொந்த வாழ்க்கையிலே தவறும் செய்து, அந்தத் தவற்றை மறைக்காமல் எழுந்து நிற்கிற அந்த மனிதரைப் போன்ற பாத்திரத்தை இவ்வகைக் கதைகளிலே காண்பது அரிது. புரூஸ் வெயினோ முதல் இரவிலேயே படுதோல்வி அடைந்து, இரத்தம் ஒழுகத் தந்தையின் அறையிலே உட்கார்ந்து, மணியை அடித்து வேலைக்காரரை அழைப்பதா, இப்படியே உயிரை விட்டுவிடுவதா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, ஒரு வௌவால் ஜன்னற் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. சித்திரக்கதை படித்துப் பழகாதவர் இந்த இடத்திலே வேகத்தைக் குறைத்து, எழுத்துக்களை மட்டும் படித்துத் தாண்டாமல், ஒவ்வொரு கட்டத்தையும் நின்று பார்க்க வேண்டும். இருவருடைய மனவோட்டங்களும் இரு வேறு கையெழுத்துக்களில் எழுதப்பட்டிருப்பதையும், ரிச்மண்ட் லூயிஸ் தீட்டிய மங்கிய வர்ணங்கள் அந்த நகரத்தின் அழுக்கையும் குளிரையும் நமக்கு உணர்த்துவதையும் கவனித்துவிட்டால், இக்கலையைப் படிக்கும் முறையே பிடிபட்டுவிடும். 2005-இல் வெளிவந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ திரைப்படம் இந்நூலிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதும் அப்போது தெரியவரும்.

பலரும் இதற்கு மாறாக, மில்லர் 1986-இல் எழுதி வரைந்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ நூலையே முதலில் படிக்கச் சொல்வதுண்டு. மகத்தான படைப்புத்தான், சந்தேகமில்லை. ஆனால் அது பேட்மேனுடைய அந்திமக் கதை. ஐம்பத்தைந்து வயதில், பத்து வருஷ ஓய்வுக்குப் பிறகு, தளர்ந்த உடம்போடு மறுபடியும் முகமூடியை அணிகிறவனைப் பார்த்து நம் மனம் நெகிழ வேண்டுமானால், அவனுடைய யௌவனத்தை நாம் முன்பே கண்டிருக்க வேண்டும். சூப்பர்மேனோடு அவன் பொருதுகிற இடத்தின் வேதனை, இருவரையும் நண்பர்களாக அறிந்திருந்தால்தான் விளங்கும். ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்டு வரைந்த 1988-ஆம் வருஷத்து ‘தி கில்லிங் ஜோக்’ மெலிந்த நூலாக இருப்பதாலேயே புதியவர்கள் கையில் அடிக்கடி அகப்படுகிறது. அதில் கார்டனுடைய மகளுக்கு இழைக்கப்படுகிற கொடுமை, அவளை நன்கு அறியாத வாசகருக்கு வெறும் குரூரமாகவே தங்கிவிடும். சிறுவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ‘இயர் ஒன்’ படித்தவர் அடுத்தபடியாக, ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்து 1996-இலிருந்து 13 இதழ்களில் வெளிவந்த ‘தி லாங் ஹாலோவீன்’ கதைக்குப் போகலாம். மாதத்துக்கு ஒரு பண்டிகை, பண்டிகைக்கு ஒரு கொலை என்று வளர்கிற அந்தத் துப்பறியும் கதையின் அடியிலே, ஹார்வி டென்ட் என்ற நேர்மையான அரசாங்க வழக்கறிஞர் சிறிது சிறிதாகச் சிதைந்துபோகிற துன்பியல் ஓடுகிறது.

சூப்பர்மேனைச் சலிப்பூட்டுகிறவன் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எல்லாம் வல்லவனுக்கு என்ன ஆபத்து வந்துவிட முடியும் என்பது அவர்கள் கேள்வி. கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்து, 2005 முதல் 2008 வரை 12 இதழ்களாக வந்த ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ அந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை. அவனுடைய பூர்வகதை முழுவதையும் முதற் பக்கத்திலே நான்கு கட்டங்களில், எட்டே சொற்களில் சொல்லிவிட்டு, சூரியனருகே சென்ற மனிதர்களைக் காப்பாற்றப் போய் அளவுக்கு மீறிய கதிர்களை ஏற்றதனால் அவன் சாகப்போகிறான் என்ற செய்தியோடு கதை தொடங்குகிறது. எஞ்சியுள்ள காலத்திலே அவன் செய்கிற காரியங்களுள் என்னை மிகவும் உருக்கியது, எந்த அரக்கனோடும் செய்த யுத்தமன்று. உயரமான கட்டடத்தின் விளிம்பிலிருந்து உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்து நிற்கிற ஒரு சிறுமியின் பின்னே வந்து நின்று, நீ நினைப்பதைவிட நீ பலமுள்ளவள் என்ற கருத்தைச் சொல்லி அவளை அணைத்துக்கொள்கிற ஒரே ஒரு பக்கந்தான்.

ஸ்பைடர்மேன் விஷயத்திலே மட்டும் நான் ஆதிக் கதைகளுக்கே வாக்களிப்பேன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் ‘அமேசிங் ஃபேன்டசி’ 15-ஆவது இதழிலே 11 பக்கங்களில் சொன்ன முதற் கதை இன்றும் கூர் மழுங்காமல் இருக்கிறது. பள்ளி மாணவன் ஒருவனுக்கு அபூர்வ சக்தி கிடைக்கிறது. அதைக் கொண்டு பணம் சம்பாதிக்க நினைக்கிறான். தன் எதிரே ஓடுகிற திருடனைத் தடுக்காமல் விடுகிறான். அந்தத் திருடன் கையாலேயே தன்னை வளர்த்த பெரியவர் மாண்டுபோகிறார். தொடர்ந்து வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்-மேன்’ பத்திரிகையின் முதல் 38 இதழ்களையும் டிட்கோவே வரைந்தார். அவற்றுள் 33-ஆவது இதழிலே, பெரும் இயந்திரத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிற அந்த இளைஞன், நோயாளியான அத்தைக்குரிய மருந்து கைக்கெட்டாத தூரத்தில் கிடக்க, தண்ணீர் ஏறிக்கொண்டே வர, பாரத்தை அங்குலம் அங்குலமாகத் தூக்குகிற பக்கங்களைப் பார்க்காமல் இக்கலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது நியாயமாகாது. அக்காலத்து ஆரவார வசன நடை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அதே வரலாற்றைத் தற்காலத்தில் நடப்பதாக நிதானமாக விரித்துச் சொல்லும் ‘அல்டிமேட் ஸ்பைடர்-மேன்’ இருக்கிறது. பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் 2000-இல் தொடங்கி 111 இதழ்கள் வரையில் இணை பிரியாமல் நடத்திய தொடர் அது.

வண்டர் உமனுக்குக் கிரெக் ரக்கா எழுதி ஜே. ஜி. ஜோன்ஸ் வரைந்த ‘தி ஹிக்கெட்டியா’ என்ற தனி நூல் போதும். அடைக்கலம் என்று காலைப் பிடித்தவள் கொலைகாரியென்று தெரிந்த பிறகும் அவளைக் கைவிடலாமா என்ற பழைய கிரேக்க தர்மசங்கடம் அதன் பொருள். விபீஷண சரணாகதியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது மிக அருகில் இருக்கிற விஷயம். எக்ஸ்-மென் கூட்டத்தின் கதைதான் இருப்பவற்றுள் மிகச் சிக்கலானது. அங்கே கிறிஸ் கிளேர்மாண்ட் 1982-இல் எழுதிய ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’ என்ற ஒற்றை நூலை முதலில் படிப்பது நலம். வளரும் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு, ஜெர்சி சிட்டியிலே பாகிஸ்தானியக் குடும்பத்தில் வளர்கிற கமலா கானைப் பற்றி ஜி. வில்லோ வில்சன் 2014-இல் தொடங்கிய ‘மிஸ். மார்வெல்’ முதற் தொகுதியைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

ஒரு நூல் பிடித்துப்போன பிறகு, அதே வீரன் பெயர் தாங்கிய அடுத்த நூலை அவசரப்பட்டு வாங்குவதைவிட, அதைப் படைத்த கைகளைப் பின்தொடர்வதே நல்ல பலனைத் தரும். அதே வீரனுடைய அடுத்த புத்தகத்தை முற்றிலும் வேறான ஒருவர், வேறான மனோபாவத்தோடு எழுதியிருக்கக் கூடும். ‘இயர் ஒன்’ படித்து மகிழ்ந்தவர், மில்லரும் மஸுக்கெல்லியும் அதற்கு முந்தின வருஷம் மார்வெல் நிறுவனத்துக்காகப் படைத்த ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ நூலைத் தேடிப் பிடிக்க வேண்டும். பார்வையற்ற வழக்கறிஞனாகிய மாட் மர்டாக்கின் இரகசியம் விலைபோய்விடுகிறது. அதை அறிந்துகொண்ட பகைவன் அவனுடைய தொழிலையும் வீட்டையும் நற்பெயரையும் ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். எல்லாம் இழந்து தெருவிலே விழுந்தவன் மெல்ல மெல்ல எழுந்து நிற்கிற அந்தக் கதையின் பெரும்பகுதியில், வீரனுடைய சிவப்பு உடுப்பை அவன் அணிவதே இல்லை.