கார் பேட்டரி படகை ஓட்டுமா?

மீன்பிடிப் படகின் சிறிய மின்மோட்டாரில் கார் பேட்டரியை மாட்டினால் மோட்டார் சுற்றும். ஆனால் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். ஏன்?

எஞ்சினைக் கிளப்பும் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுப்பதே கார் பேட்டரியின் வேலை. அதற்காக உள்ளே மெல்லிய ஈயத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அடிக்கடி காலியாக்கி சார்ஜ் ஏற்றினால் தகட்டின் பூச்சு உதிரும். படகுக்கு வேண்டியது தடித்த தகடுகள் கொண்ட 'டீப் சைக்கிள்' பேட்டரி.

எவ்வளவு நேரம் ஓடும்? 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைச் செலவழிப்பதே நல்லது. ஆக, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வேகத்தைக் குறைத்தால் பல மணி நேரம் ஓட்டலாம்.

24 வோல்ட் மோட்டாருக்கு, ஒரே வகை, ஒரே வயதுள்ள இரு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடரிணைப்பில் இணைக்க வேண்டும்: ஒன்றின் பிளஸ், மற்றதன் மைனஸோடு. அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகும். அதே ஒயரில் வீணாகும் வெப்பம் கால்வாசியாகும். பக்க இணைப்பில் வோல்ட் மாறாது, ஆம்பியர்-மணிதான் இரட்டிக்கும்.

எப்படி இணைத்தாலும், பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸோ பிரேக்கரோ இருக்கட்டும். விசிறியில் பாசி சுற்றி மோட்டார் திணறினால் மின்னோட்டம் எகிறும். ஒயர் உருகுவதற்குள் ஃபியூஸோ பிரேக்கரோ அதைத் துண்டித்துவிடும்.