ஏகாதசியும் மாலைக் காப்பியும்

ஏகாதசியன்று அன்னத்தைத் துறந்துவிடலாம். காப்பியைத் துறப்பதுதான் அரிது. இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்வோர் நம்மிடையே சிலரே. அடியேன் 40 ஆண்டுகளாக விரதம் இருப்பவன். "பால்தானே, தோஷமில்லை" என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டு, காலை ஒரு டம்ளரும் பிற்பகல் ஒரு டம்ளரும் அருந்தியே அத்தனை ஆண்டுகளும் விரதம் காத்தேன்.

மூன்றாண்டுகளுக்கு முன், வைகுண்ட ஏகாதசியன்று அதனையும் விடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். காலைப் பொழுது ஒருவாறு கழிந்தது. மாலை நான்கு மணிக்குப் பெருமாள் கோயில் மண்டபத்தில் சகஸ்ரநாம பாராயணத்துக்கு அமர்ந்தபோது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கிற்று. நூறு நாமங்கள் கடப்பதற்குள் தலை பிளந்துவிடும் போலாயிற்று. எழுந்து வீடு திரும்பி, மனைவியின் முகத்தைப் பாராமலே காப்பி கேட்டு வாங்கிப் பருகினேன். சிறிது நேரத்தில் வலி போயிற்று. வெட்கம் போகவில்லை.

எங்கள் தெருவில் வசிக்கும் மருத்துவர் ஒருவரிடம் பின்னர் இதைச் சொன்னேன். "மாமா, அது பசியால் வந்த தலைவலி இல்லை, காப்பி இல்லாததால் வந்தது" என்றார் அவர். நாள்தோறும் காப்பி அருந்துவோரின் தலையிலுள்ள இரத்தக் குழாய்கள், அதிலுள்ள காஃபீன் என்னும் பொருளால் சற்றுச் சுருங்கியிருக்கப் பழகிவிடுகின்றன. திடீரென அது நின்றால் குழாய்கள் விரிகின்றன, வலி எழுகிறது. கடைசிக் காப்பிக்குப் பின் 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்குவது வழக்கமாம். தசமியன்று மாலை நான்கு மணிக்கு அருந்தியவனுக்கு ஏகாதசி மாலை நான்கு மணிக்கு வலி வந்ததில் வியப்பென்ன?

அவர் கூறிய மற்றொன்றும் என்னைச் சிந்திக்க வைத்தது. அருந்திய காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். சிலருக்கு இன்னும் கூடுதல். மாலை ஐந்து மணிக் காப்பியின் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே விழித்திருக்கிறது. முதுமையில் உறக்கம் வரவில்லை என்று வயதின்மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதலில் மாலைக் காப்பியை மாற்றுவதென முடிவு செய்தோம். ஜெர்மனியிலுள்ள எங்கள் மகள் பழத் தேநீர்ப் பொட்டலங்கள் சிலவற்றை அனுப்பியிருந்தாள். அங்கே இது பன்னெடுநாள் வழக்கமாம். உலர்ந்த ஆப்பிள், காட்டுரோஜாக் காய், புளிச்சைச் செம்பருத்தி இதழ் முதலியவற்றை வெந்நீரில் ஊறவைப்பர்; மாணிக்க நிறத்தில் புளிப்பாக இறங்கும். பெயரில் தேநீர் உண்டே தவிர, தேயிலை கிடையாது. எனவே காஃபீனும் இல்லை. ஆனால் கடையில் வாங்குவோர் கவனிக்க வேண்டும்: பழத்தின் படம் போட்ட சில பொட்டலங்களில் தேயிலையோ பச்சைத் தேயிலையோ கலந்திருக்கும். லெமன் டீ என்று பெயரிட்டு வருவதும் பெரும்பாலும் தேயிலைதான். சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டே வாங்குக.

பொட்டலங்கள் தீர்ந்தபின்தான் நம் வீட்டுப் பொருள்களின்மேல் கண் சென்றது. எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் கூடிய பானகத்தை ஸ்ரீராம நவமியில் நிவேதிப்பவர்களுக்கு இதில் புதுமை என்ன இருக்கிறது? ஆந்திரத்து மங்களகிரியில் நரசிம்மப் பெருமானின் திருவாயில் பானகத்தையே வார்க்கிறார்கள். பாதியை ஏற்று மீதியைப் பிரசாதமாக அவன் அருள்கிறான் என்பது அவ்வூர் நம்பிக்கை.

எங்கள் இல்லத்தில் நிலைத்தது நெல்லிதான். துவாதசிப் பாரணைக்கு உரிய கனியாயிற்றே! நாட்டு மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி என்று கேட்டால் உப்பிடாமல் உலர்த்தியது கிடைக்கும். பத்துத் துண்டுகளைக் கழுவி, இரண்டு டம்ளர் நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தட்டிய சுக்கு சிறிதும் ஓர் ஏலக்காயும் சேர்த்து, நீர் ஒன்றரை டம்ளராகும்வரை கொதிக்கவிடுக. வடிகட்டிச் சூடாகப் பருகினால் முதலில் புளிக்கும், பிறகு துவர்க்கும். அதன்மேல் ஒரு வாய் வெறும் நீர் அருந்தினால் தித்திக்கும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நெல்லி சேர்க்கலாகாது என்பது எங்கள் பெரியோர் வழக்கு. ஆதலால் பொழுது சாயுமுன் முடித்துவிடுவோம். ஞாயிறன்று நிழலில் உலர்த்திய கமலா ஆரஞ்சுத் தோல். எலுமிச்சையாயின், அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிய வேண்டும், கொதிக்கவிட்டால் கசக்கும்.

இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடலாகாது. ஈயம் பூசாத பித்தளை டவராவில் இப்புளிப்பு நீரை ஊற்றக் கூடாது. உலோகம் கரைந்து இறங்கும். பரம்பரை டவராவை மேலே எடுத்து வைத்துவிட்டு எவர்சில்வருக்கு மாற எனக்கு மனமே வரவில்லை, வேறு வழியில்லை. மற்றது, பனங்கற்கண்டும் சர்க்கரைதான். நீரிழிவுள்ளோர் இனிப்பின்றியே பருகுக. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் இரத்த அழுத்த மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவதே முறை; செம்பருத்தி நீர் இரத்த அழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்தக் கூடியது.

ஒரே நாளில் எதையும் விடவில்லை. மாலைக் காப்பி நின்று ஒரு மாதம் சென்றபின், காலைக் காப்பியில் டிகாக்ஷனைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள் என் மனைவி. எனக்குச் சொல்லாமலே குறைத்திருக்கிறாள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

சென்ற வைகுண்ட ஏகாதசியன்று அதே மண்டபத்தில், அதே தூணருகே அமர்ந்தேன். தலை சற்றுக் கனத்தது, வலிக்கவில்லை. ஆயிரம் நாமங்களும் முடிந்து தீர்த்தம் பெற்றுக்கொண்டே எழுந்தேன். மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை முடிந்ததும், கேளாமலே அரை டம்ளர் காப்பி வந்தது. மறுக்கவில்லை.