கலியாணவீட்டுக் கிடாரமும் தனித்திட்டக் கணக்கும்

மானிப்பாயில் கலியாணவீடு என்றால் குசினி அடுப்பு காணாது. வளவுக்குள் அடுப்பு வெட்டி, கிடாரங்களை வாடகைக்கு எடுத்து, ஒரு தலைமைச் சமையல்காரரிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள். "எத்தனை பேருக்கு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அரிசி, பருப்பு, தேங்காய், விறகு, கையாட்கள் எல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்தே சாமான் துண்டில் ஏறும். கலியாணக் காசில் வீட்டுக்கு மீன் வாங்கக்கூடாது. பந்தி முடிந்ததும் கிடாரம் திரும்பிப் போகும், கூலி தீரும், கொப்பி மூடப்படும்.

தனித்திட்டமாக நடக்கும் தொழிலும் இப்படித்தான். ஒரு வேலை, ஒரு பொறுப்பாளர், ஒரு வங்கிக் கணக்கு, ஒரு முடிவுத் திகதி. மளிகைக்கு முதலில், மரக்கறிக்கு விடியப்புறம், கூலிக்குக் கடைசியில் என்று காசு கட்டம் கட்டமாக இறங்கும். இது குலைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அடுத்த கலியாணத்துக்கு வாங்கிய முற்பணத்தில் போன கலியாணத்தின் கடைக்கடனை அடைக்கும்போது. பல ஒப்பந்தகாரர்கள் விழுவதும் இதே பள்ளத்தில்தான்.

பெரிய அளவில் பார்க்க, கொழும்புத் துறைமுகத்துக்குப் போகலாம். 2013இல் இயங்கத் தொடங்கிய தெற்குக் கொள்கலன் முனையத்துக்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. அதில் சைனா மேர்ச்சன்ட்ஸ் என்ற சீனக் குழுமத்துக்கு 85 வீதம், துறைமுக அதிகாரசபைக்கு 15 வீதம் பங்கு. 35 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் முனையத்தை அதிகாரசபையிடம் கையளிக்கவேண்டும். இத்தகைய நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர், முனையமே உழைத்துக் கடனைக் கட்டுமா என்றுதான் முதலில் கணக்குப் பார்ப்பார்.

ஒரு வேலைக்கென்று தனிக் கணக்கு வைப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயிலில் சித்திரை வருடப்பிறப்பன்று தேர். யாழ்ப்பாணக் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் இருப்பார். அந்த நாளின் செலவு அவர் பொறுப்பு. ஆனால் நித்திய பூசைக்கு எண்ணெய் வாங்க அவ்வளவு பேர் வருவதில்லை.

பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் என்னை வருத்துவது இதுவே. கட்டடத்துக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் காசு வருகிறது. உள்ளே வேலை செய்பவரின் சம்பளத்துக்கு ஆளில்லை. பித்தளைக் கிடாரத்துக்கு ஈயம் பூசும் செலவை அதன் சொந்தக்காரர் வாடகையிலேயே சேர்த்துவிடுகிறார். அதுபோல மின்கட்டணம், பழுதுபார்ப்பு, இயக்குபவரின் சம்பளம் மூன்றும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே ஏறவேண்டும். அந்தத் தொகை கையில் வராமல் அடிக்கல் நாட்ட எந்த நிர்வாகசபையும் நாள் பார்க்கக்கூடாது.