அந்நியர் கட்டிய கலாசாலையும் சொந்த நாட்டுச் சரித்திரமும்

கிறிஸ்தவ சபையார் நடத்தும் சர்வகலாசாலையில் சரித்திரமும் சமூக சாஸ்திரமும் பயிலும் வாலிபன் தன் தேசத்துக்கு அந்நியனாகிவிடுவானா? ஆவான் என்று தேசாபிமானிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணிதத்துக்கும் ரசாயனத்துக்கும் மதமில்லை. சரித்திரமோ ஒரு ஜனசமூகம் தன்னைப் பற்றித் தானே கொண்டுள்ள நினைவு. அதைப் பிறர் கையில் ஒப்புவிக்கலாகாது என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும், அநுபவம் சொல்லுவதைக் கேட்ட பிறகே தீர்ப்புக் கூறுவது நியாயம். சீன தேசத்தில் 33 ஆண்டுகள் நடைபெற்று மறைந்த யென்சிங் சர்வகலாசாலையின் கதை இவ்விஷயத்தில் தக்க சாட்சியமாகும்.

இன்று பெய்ஜிங் எனப்படும் பீகிங் நகரில், மிஷன்கள் தனித்தனியே நடத்தி வந்த கலாசாலைகள் 1919ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து யென்சிங் ஆயின. பணத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. தலைவராக அமர்ந்த ஜான் லெய்டன் ஸ்டூவர்ட், சீனாவிலேயே பிறந்த அமெரிக்கப் பாதிரியார். பணம் அனுப்பியவர்கள் முதன்மையாக எதிர்பார்த்தது கிறிஸ்து மதம் பரவுவதையே என்பதில் ஐயமில்லை. ஆனால் 1922 முதல் சீன மாணவரிடையே மிஷன் கல்விக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. கலாசாலைகளில் மதபோதனையைக் கட்டாயமாக்கக் கூடாதென்று சீன அரசாங்கமும் விதி செய்தது. யென்சிங் அவ்விதிக்கு இணங்கியது. மதபாடமும் பிரார்த்தனையும் மாணவர் விருப்பத்துக்கு விடப்பட்டன. பின்னால் விளைந்த நன்மைகளுக்கெல்லாம் இதுவே வித்து என்பது நமது அபிப்பிராயம்.

சமூக சாஸ்திரப் பகுதி 1922இல் தொடங்கியது. முதலில் போதித்தவர்கள் அமெரிக்கர். பாடமும் அமெரிக்க நகரங்களைப் பற்றியதே. சில ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. கொலம்பியா சர்வகலாசாலையில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1929இல் ஆசிரியரான வூ வென்ட்ஸாவ், இந்தச் சாஸ்திரத்தைச் சீன மண்ணில் வேரூன்றச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். பீகிங்குக்கு வடக்கேயுள்ள சிங்ஹோ என்னும் சிற்றூரை மாணவர்கள் ஆராய்ந்தார்கள். 1930இல் அங்கேயே ஒரு கிராம சேவை நிலையமும் ஏற்பட்டது. 1932இல் அமெரிக்காவிலிருந்து வந்து போதித்த ராபர்ட் பார்க் என்னும் பேராசிரியர், புஸ்தகத்தை மூடிவிட்டு நகரத்தின் சந்தைக்கும் சிறைச்சாலைக்கும் சென்று கண்ணால் பார்க்கும்படி மாணவரைப் பழக்கினார்.

அவ்விதம் பழகியவர்களில் ஒருவர் ஃபெய் சியாவ்டோங். தனி மனிதரின் நோயைவிடச் சமூகத்தின் நோயே பெரிதென்று கருதி, வைத்தியப் படிப்பை விட்டு யென்சிங்குக்கு வந்தவர் அவர். 1936இல் யாங்ஸி நதிப் பிரதேசத்தில் காய்ஷியன்கொங் என்ற கிராமத்தில் தங்கி, குடியானவர்களின் வரவு, செலவு, கடன், வாரம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். அந்நிலத்தின் விளைவு மட்டும் குடும்பத்தைத் தாங்காது. பட்டுநூல் தொழில் வீழ்ந்ததே கிராமம் கடனில் மூழ்கியதற்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. 1939இல் லண்டனில் இது நூலாக வெளிவந்தபோது, முகவுரை எழுதிய மாலினோவ்ஸ்கி என்னும் பேரறிஞர், ஒருவர் தம் சொந்த ஜனங்களையே ஆராய்ந்து எழுதியதை அதன் தனிச் சிறப்பாகப் பாராட்டினார்.

சரித்திரப் பகுதியின் கதையும் இத்தகையதே. அலுமினியத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஓர் அமெரிக்கரின் மரணசாசனப் பணத்தைக் கொண்டு 1928இல் ஹார்வர்ட்-யென்சிங் ஸ்தாபனம் ஏற்பட்டது. அந்த அந்நியப் பணம் ஹுங் யே என்னும் சரித்திராசிரியரின் மேற்பார்வையில் எதற்குப் பயன்பட்டது? சீனத்தின் பழம் பெரும் நூல்களுக்கு அகராதி வரிசை தயாரிப்பதற்கு! 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கவர்ந்தது. எல்லை பறிபோகும் அவ்வேளையில், கூ ஜியெகாங் என்னும் ஆசிரியர் தம் மாணவருடன் சேர்ந்து, தேசத்தின் பூகோள சரித்திரத்தை ஆராய 1934இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அக்காலத்தில் யென்சிங்கில் சரித்திரம் படித்த ஹௌ ரென்ஜி, பீகிங் நகரின் அமைப்பையும் நீர்நிலைகளையும் ஆயுள் முழுவதும் ஆராய்ந்தார். உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் சீனா சேரவேண்டுமென்று 1985இல் பிரேரேபித்தவர்களுள் அவரும் ஒருவர்.

படித்தவர்கள் படிப்போடு நின்றார்களா என்று நேயர்கள் கேட்கலாம். 1926 மார்ச் 18ஆம் தேதி, அந்நிய வல்லரசுகளை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் அரசாங்கக் காவலர் சுட்டபோது மாண்டவர்களில் யென்சிங் மாணவி ஒருவரும் இருந்தார். 1935 டிசம்பர் 9ஆம் தேதி, ஜப்பானுக்குப் பணிவதைக் கண்டித்துக் கிளம்பிய யென்சிங் மாணவரைத் தடுக்க நகரின் கோட்டைக் கதவுகளே மூடப்பட்டன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கலாசாலையை மூடி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் சிறையிலிட்டனர். அடுத்த ஆண்டே மேற்கே செங்டு நகரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1949இல் அமெரிக்க ஸ்தானிகராயிருந்த ஸ்டூவர்ட்டுடன் நான்கிங்கில் கம்யூனிஸ்டுகள் சார்பில் பேச வந்த ஹுவாங் ஹுவாவும், அவருடைய பழைய யென்சிங் மாணவரே!

இக்கலாசாலையில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. சம்பளம் அதிகம், ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் படித்தார்கள். ஆங்கில மோகமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் பணத்தை நம்பி நிற்கும் வித்தை பிறர் சண்டையில் சாயும். கொரியா யுத்தத்தில் இரு தேசங்களும் மோதியபின் அமெரிக்கப் பணம் நின்றது. 1951இல் சீன அரசாங்கம் யென்சிங்கை ஏற்றது. 1952இல் அது கலைக்கப்பட்டு, கட்டடங்கள் பீகிங் சர்வகலாசாலைக்குப் போயின.

தேசத்தின் கல்வியைத் தேசமே நடத்துவது முறைதான். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அதே 1952இல் சமூக சாஸ்திரமும் முதலாளித்துவ வித்தை என்று சீனா முழுவதிலும் கலாசாலைகளிலிருந்து அகற்றப்பட்டது. அதற்கு மறுபடி இடம் கேட்ட ஃபெய் 1957இல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார். தன் கிராமத்தைத் தானே அளந்தறியும் கருவியைத் தேசம் 27 ஆண்டுகள் எறிந்துவிட்டிருந்தது. 1979இல் அதைத் திரும்ப நிறுவத் தீர்மானித்தபோது, தலைமை ஏற்க அழைக்கப்பட்டவர் அந்தப் பழைய யென்சிங் மாணவரே.

ஆகவே, கட்டடத்தின் மீது சிலுவை இருக்கிறதா என்பதோடு விசாரணையை நிறுத்திக்கொள்வது போதாது. அங்கே மாணவனுடைய மனச்சாட்சி சுயேச்சையாக இருக்கிறதா? சரித்திரம் படிப்பவன் தன் நாட்டு ஏடுகளைத் திறக்கிறானா? சமூகம் படிப்பவன் தன் நாட்டுக் குடியானவன் வாசலுக்குப் போகிறானா? இவற்றுக்கு ஆம் என்று விடை வருமானால், அஸ்திவாரக் கல் யார் நாட்டியதாயினும் அந்தப் படிப்பு தேசத்துக்கே சொந்தம். இல்லையென்று விடை வருமானால், வாசலில் தேசியக் கொடியே பறந்தாலும் அங்கே படிக்கும் வாலிபன் அந்நியனே.