நேர்காணலுக்கு முன்னே…



நம் பள்ளிகளில் ஓர் ஆசிரியர் பணியிடம் காலியானால் தாளாளருக்கும் தலைமையாசிரியருக்கும் பரிந்துரைகள் குவிகின்றன. நேர்காணலில் ஒருவரிடம் பாடத்தைப் பற்றிக் கேட்கிறோம். அடுத்தவரிடம் சொந்த ஊரைக் கேட்கிறோம். இந்நிலையைச் சீராக்கக் கணினிச் செயலிகள் உதவும். அவை எப்படி அமைய வேண்டும்?

திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் வழிகாட்டுகிறது. யூதாசின் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தபோது பேதுரு முதலில் பெயரைச் சொல்லவில்லை, தகுதியைச் சொன்னார்: யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் ஆண்டவரின் விண்ணேற்றம் வரை உடனிருந்தவராக இருக்க வேண்டும். பின்னரே பர்சபாவும் மத்தியாவும் முன்நிறுத்தப்பட்டனர். அனைவரும் மன்றாடிவிட்டுச் சீட்டுக் குலுக்கினர்.

நல்ல செயலியும் தகுதிகளையே முதலில் எழுதச் சொல்லும். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வைக்கும். குழுவினர் கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் இடச் செய்யும்.

ஆனால் தீர்ப்பைக் கருவியிடம் ஒப்படைக்கலாகாது. அமேசான் நிறுவனம் சோதித்துக் கைவிட்ட ஆள்தேர்வுக் கருவி, பழைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றதால் பெண்களைப் பின்தள்ளியது என 2018-இல் செய்தி வெளியானது. நம் பாரபட்சத்தையே கருவியும் கற்றுக்கொள்கிறது.

கத்தோலிக்கப் பள்ளியின் வெற்றி பெரிதும் ஆசிரியர்களைச் சார்ந்தது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. பரிந்துரைக் கடிதங்கள் நானும் எழுதியதுண்டு. இனி அதைக் கேட்குமுன்னும் கொடுக்குமுன்னும், கடிதமின்றி வெளியே காத்திருக்கும் ஏழைப் பட்டதாரியை நினைத்துக்கொள்வோம்.