குருகிராமில் கை, ரோஹிணியில் கத்தி

"டாக்டர் ஓர் ஊரில், நோயாளி வேறு ஊரில். ஆபரேஷன் நடுவில் இன்டர்நெட் போய்விட்டால்?" என்று துவாரகாவிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான பயம்.

2024 ஜூனில் செய்தியான சிகிச்சை இது. தில்லி ரோஹிணியின் ராஜீவ் காந்தி புற்றுநோய் மருத்துவமனையில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளி ஒருவர் மேசையில் இருந்தார். டாக்டர் எஸ்.கே. ராவல் உட்கார்ந்திருந்ததோ 40 கிலோமீட்டர் தள்ளி, குருகிராமில். அவர் திரையைப் பார்த்துக் கைப்பிடியை அசைக்க, ரோஹிணியில் 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' ரோபோவின் கரங்கள் அசைந்தன. இந்திய நிறுவனத்தின் ரோபோ அது. 2025 ஜனவரியில் அதே குருகிராமிலிருந்து 286 கிலோமீட்டர் தூரத்து ஜெய்ப்பூர் நோயாளிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது.

என்னை மயக்குவது இதன் தாமதக் கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஜெய்ப்பூர் போய்த் திரும்ப 3 மில்லிவினாடி போதும். பதிவான தாமதமோ 35 முதல் 40. மிச்சத்தைத் தின்பவை கேமராப் படத்தைச் சுருக்குவது, வழியிலுள்ள ரவுட்டர்களைக் கடப்பது, மறுமுனையில் விரித்துத் திரையில் காட்டுவது. 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கிலிருந்தபடி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு பெண்ணின் பித்தப்பையை ஜாக் மாரெஸ்கோ அகற்றியபோது தாமதம் சுமார் 155 மில்லிவினாடி. கடல் கடந்த அந்தப் பயணத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம் படத்தைச் சுருக்கி விரிப்பதிலேயே போயிற்று.

தாமதம் ஒரே சீராக இருந்தால் கை பழகிவிடும். கூடிக் குறைந்தால்தான் ஆபத்து. கொரோனா காலத்தில் என் மகள் சென்னை ஆசிரியையிடம் ஆன்லைனில் பாட்டுக் கற்றாள். சத்தம் சீராகப் பிந்தி வந்தால் அவர் சமாளித்துத் தாளம் போடுவார். திடீர் திடீரென்று இழுத்தால் அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். அதனால்தான் இந்தச் சிகிச்சைக்குப் பொது நெரிசலில் சிக்காத நம்பகமான இணைப்பு வேண்டும், அது அறுந்தால் கைகொடுக்க இன்னொன்றும் வேண்டும்.

இரண்டுமே போனால்? நோயாளி பக்கத்திலேயே இன்னொரு அறுவை நிபுணர் கையுறையோடு நிற்கிறார். மயக்க மருந்து நிபுணர், நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைத் தொடர்வார்கள். இவர்களை மறந்துவிட்டுத்தான் 'கிராமத்துக்கே வரும் ரோபோ' என்று பேசுகிறோம். மயக்க மருந்து நிபுணர் பணியிடம் காலியாகக் கிடக்கும் மாவட்ட மருத்துவமனையில் ரோபோவுக்கு ரிப்பன் வெட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த இடத்தை முதலில் நிரப்புங்கள். ரத்த வங்கியும் தடையில்லாத மின்சாரமும் அமையட்டும். பிறகு குருகிராமிலிருந்து கேபிளை இழுக்கலாம்.